அம்மா கட்டிலிலிருந்து எழ என்ன வாங்குவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எலும்பு முறிவோ பக்கவாதமோ இல்லை; நினைவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் படுக்கையிலிருந்து தானாக எழ முடியவில்லை. அப்பா காலத்துத் தேக்குக் கட்டில், நல்ல உயரம். இறங்குவதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம். இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து நான்தான் எழுப்புகிறேன். போன வாரம் அப்படி எழுப்பும்போது கால் வழுக்கிக் கட்டிலோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து இருவருக்கும் பயம். இரவில் மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. எனக்கு 56 வயது, இடுப்பு வலி தாங்கவில்லை. மோட்டார் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கப் பணம் அனுப்புவதாகச் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் சொல்கிறார். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமா. கட்டிலின் இரு பக்கமும் கம்பித் தடுப்பு போடலாம் என்கிறார் மருந்துக் கடைக்காரர். எதை வாங்குவது?
வாசகி, கும்பகோணம்

முதியோருக்குச் சிகிச்சையளிக்கும் பிசியோதெரபிஸ்டின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் வாங்குவதற்கு முன் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு அளவுகள் எடுங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் முழுதாகப் படிந்திருக்கும்போது, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அது 15, 16 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அடுத்து, அம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்து மெத்தை அமுங்கியிருக்கும்போது அதன் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இந்த இரண்டாவது அளவு முதல் அளவைவிட இரண்டு அங்குலம், மிஞ்சினால் மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கலாம். அதாவது இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், பாதமோ தரையை விட்டு எழக் கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், அம்மா சரிந்ததற்கு அவருடைய பலவீனத்தைவிடக் கட்டிலின் உயரமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டூல் போட்டு இறங்க வேண்டிய கட்டில் என்றால் பாதம் தரையைத் தொடுவதற்குள் இடுப்பு மெத்தையை விட்டு நழுவத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உடம்பின் முழு எடையையும் தாங்க அடியில் எதுவும் இல்லை. ஸ்டூல் இருப்பது இன்னும் மோசம். அதன் விளிம்பில் கால் வைத்தால் கவிழும். அதன்மேல் நின்ற பிறகு அங்கிருந்து இன்னொரு முறை இறங்க வேண்டும். இன்றைக்கே அதை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்பாவின் கட்டிலை அறுக்க உங்களுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அறுக்க வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையோ தடித்த பஞ்சணையோ போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தை போட்டாலே உயரம் கணிசமாகக் குறையலாம். குறைந்தும் எட்டவில்லை என்றால் அந்தக் கட்டிலில் நீங்கள் படுத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தாழ்வான ஒற்றைக் கட்டில் ஒன்றைப் போடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரண மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ போதும். அது மிகத் தாழ்வாக இருந்தால், நடுவில் குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்து நான்கு கால்களுக்கும் அடியில் கொடுக்கலாம். கால் அந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது கூடாது. ஒரு பக்கமாக எடை விழும்போது செங்கல் நகரும்.

இலவம்பஞ்சைக் குறை சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். படுத்துத் தூங்க அது சுகமானதுதான். ஆனால் எழும்போது முழங்கையை ஊன்றினால் பள்ளம் விழுகிறது. ஓரத்தில் உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே போய் முழங்கால் மேலே வருகிறது. அந்தப் பள்ளத்திலிருந்து எழ, ஏற்கெனவே தேய்ந்த தொடைத் தசைகள் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

அந்தத் தசைகள் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் ‘வயசாகிவிட்டது, இனி இப்படித்தான்’ என்று குடும்பங்கள் கைவிட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு குறைந்திருந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, நோய்த்தொற்று இல்லை. உங்கள் அம்மா பன்னிரண்டு நாள் நிமோனியாவோடு படுத்திருந்தவர். எழ முடியாமல் போனதில் வியப்பு எதுவும் இல்லை. எலும்பு நன்றாக இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள். போன பலத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற இவருக்கு வாய்ப்பு இருக்கிறது. எனவே நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் ஒரே கேள்வியால் அளக்கப் போகிறேன்: இது அம்மாவின் கால்களுக்கு வேலை கொடுக்கிறதா, அல்லது அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறதா?

இனி எழுப்பும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எந்தப் பொருளை வாங்கினாலும் இது சரியாக அமையாவிட்டால் பயன் இல்லை.

கைகளைப் பிடித்து முன்னால் நின்று இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அம்மா உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கிறார். நீங்கள் முன்னுக்கு இழுக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அவருடைய பாதம் முன்னால் வழுக்குகிறது. அதோடு, எழுவதற்கு மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பு முன்னால் குனிய வேண்டும். நீங்கள் எதிரே நின்றால் அவர் குனியவே இடமில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் இதைப் போலவே தவறு. வயதானவர்களின் தோள்மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது. அக்குள் வழியாகப் போகும் நரம்புகளும் நசுங்கும்.

அம்மா விழித்ததும் உடனே எழுப்பாதீர்கள். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை அசைக்கட்டும். பிறகு இரண்டு முழங்கால்களையும் மடக்கச் சொல்லுங்கள். முகத்தை எழப்போகும் பக்கம் திருப்பி, எதிர்ப்பக்கக் கையைக் குறுக்கே கொண்டுவந்து கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து புரளும்படி ஒருக்களிக்கட்டும். ஓரத்தில் ஒரு சாண் மெத்தையாவது மிச்சம் இருக்க வேண்டும். விளிம்புக்கே வந்துவிட்டால் உட்காரும்போது சரிவார். இப்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். அதே நேரத்தில் அவர் கீழ்க்கை முழங்கையையும் மேல்கை உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி அழுத்தட்டும். தராசில் ஒரு தட்டு இறங்கும்போது மறுதட்டு எழுவதுபோல், கால்களின் எடை கீழே போகப் போக மேலுடம்பு எழும். உங்கள் ஒரு கை தோள்பட்டையின் பின்பக்கம், இன்னொரு கை இடுப்பின் மேல் இருந்தால் போதும். கழுத்துக்கடியில் கை கொடுக்காதீர்கள்.

உட்கார்ந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே இருக்க விடுங்கள். உள்ளங்கைகள் இருபுறமும் மெத்தையில் இருக்கட்டும். ஏதாவது பேச்சுக் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள். பதில் தடுமாறினாலோ முகம் வெளுத்தாலோ ‘கண் இருட்டுகிறது’ என்றாலோ உடனே திரும்பப் படுக்கவையுங்கள். தலைசுற்றல் இல்லை என்றால் இடது இடுப்பு, வலது இடுப்பு என்று மாறி மாறி முன்னால் நகர்ந்து, தொடையின் பாதி மெத்தைக்கு வெளியே வரும்வரை வரட்டும். குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் எண்ண, மூன்றில் அவர் முன்னால் குனிந்து, கைகளால் மெத்தையை அழுத்தி எழட்டும். நின்றதும் நடக்க வேண்டாம். ஐந்தாறு மூச்சு விடும் நேரம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் இதற்கு நீங்கள் இழுத்து எழுப்புவதைவிட நேரம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பொருள்களுக்கு வருகிறேன்.

உத்தரத்துக் கயிறு வேண்டாம். மாமா அன்போடுதான் சொல்லியிருக்கிறார். பல வீடுகளில் ஊஞ்சல் கொக்கியில் கயிறோ முறுக்கிய வேட்டியோ கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காலில் அடிபட்டு, கைகளில் நல்ல பலமுள்ள இளைஞருக்கு அது உதவும். உங்கள் அம்மாவுக்குத் தோளும் கையும்கூட மெலிந்திருக்கும். கயிற்றைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பு பின்னால் சாயும். நமக்கு வேண்டியதோ முன்னால் குனியும் பழக்கம். படுத்த நிலையிலிருந்து உட்கார மட்டும் ஒரு பிடிமானம் வேண்டும் என்றால், கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் கட்டி மெத்தைமேல் கிடக்கும் துணி ஏணி ஒன்று உண்டு. அகலமான பருத்தி நாடாவில் முக்கால் அடிக்கு ஒரு குறுக்குப் பிடி வைத்து நீங்களே தைத்துவிடலாம். அம்மாவுக்கு அது அவசியப்படாது என்றே நினைக்கிறேன். ஒருக்களித்து எழுவது வந்துவிட்டால் போதும்.

இருபக்கக் கம்பித் தடுப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன்: தயவுசெய்து போடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போடும் இந்தத் தடுப்பில் முதியவர்கள் சிக்கி உயிரிழந்திருக்கிறார்கள். கட்டில் தடுப்புகளில் தலை, கழுத்து, மார்பு சிக்கியதாக 1985 முதல் 2009 தொடக்கம் வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்த புகார்கள் 803. அவற்றில் 480 பேர் இறந்துவிட்டார்கள். மெத்தைக்கும் கம்பிக்கும் இடையே உடம்பு நழுவி இறங்கி, கழுத்து மாட்டிக்கொள்வதுதான் அதில் பயங்கரமானது. அமுங்கும் பஞ்சு மெத்தையில் அந்த இடைவெளி தானாகவே பெரிதாகும். இன்னொன்றும் உண்டு. இரவில் சிறுநீர் முட்டும்போது தடுப்பு இருந்தால் முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அதன்மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார்கள். அப்போது விழும் உயரம் கட்டிலின் உயரத்தைவிட அதிகம்.

அம்மாவுக்கு வேண்டியது எழும் பக்கத்தில் மட்டும் ஒரு குட்டைக் கைப்பிடி. கடைகளில் மெத்தைக்கு அடியில் செருகும் கைப்பிடிகள் கிடைக்கின்றன. அவற்றில் பல, பட்டையால் கட்டிலோடு இறுக்கிக் கட்டப்படாவிட்டால் இழுக்கும்போது நகர்ந்து இடைவெளி விட்டுவிடும். எனக்குத் தச்சர் செய்வதுதான் அதிக நம்பிக்கை. குளியலறையில் பொருத்தும் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியை, கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய உறுதியான மரத்தூணில் பொருத்தச் சொல்லுங்கள். அம்மா கட்டிலோரத்தில் உட்காரும்போது கைப்பிடி அவருடைய தலைமாட்டுப் பக்கக் கைக்கு எட்ட வேண்டும். முழங்கை சற்று மடங்கியிருக்கும் உயரம் சரியானது. மெத்தை அந்தத் தூணை ஒட்டியே இருக்க வேண்டும், தலை நுழையும் அளவு சந்து எங்கும் இருக்கக் கூடாது. அமெரிக்க வழிகாட்டுதலில் தலைக்கான வரம்பு 12 சென்டிமீட்டர். வீட்டில் அதைவிடவும் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியதும் உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள், வாரம் ஒருமுறை மீண்டும் இழுத்துப் பாருங்கள். நினைவு தடுமாறுகிற, இரவில் குழம்புகிற முதியவர் வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கைப்பிடியையும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

மோட்டார் கட்டில் விஷயத்தில் அண்ணனை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் வாடகைக்கும் விலைக்கும் வருகிற, ‘ஃபவுலர்’ எனப்படும் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் பெரும்பாலானவை தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும்தான் உயர்த்தும். கட்டிலின் மொத்த உயரம் மாறாது. சக்கரத்தோடும் மெத்தையோடும் சேர்த்தால் அதுவும் உங்கள் தேக்குக் கட்டில் அளவுக்கு உயரமாக இருக்கக்கூடும். வாங்கிப் போட்ட பிறகு மறுபடியும் ஸ்டூல் தேடுவீர்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ளது வேறு வகை, விலையும் வேறு. மாதக்கணக்கில் படுக்கையிலேயே இருப்பவருக்கு, புரட்டிவிட வேண்டியவருக்கு, சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறவருக்கு அது பெரும் உதவி. உங்கள் அம்மாவை நான் அந்த நிலையில் வைத்துப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தி உட்காரவைக்கும் கட்டில் வந்துவிட்டால், முழங்கை ஊன்றி எழும் பழக்கம் ஒரே வாரத்தில் போய்விடும்.

வாங்க வேண்டியவை மூன்று. முதலாவது, இடுப்புப் பட்டை. நான்கு அங்குல அகலத்தில், பின்னாலும் பக்கவாட்டிலும் பிடிகள் தைத்த பட்டை சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். உடைக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். எழும்போதும் நடக்கும்போதும் பின்னால் உள்ள பிடியில் உங்கள் ஒரு கை இருக்கட்டும். அது தூக்குவதற்கான பிடி இல்லை. சாய்ந்தால் திருத்துவதற்கும், கால் மடங்கினால் மெதுவாக உட்காரவைப்பதற்கும்தான். வயிற்றில் அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ குடலிறக்கம் இருந்தாலோ உணவுக் குழாய் போட்டிருந்தாலோ இதைக் கட்டக் கூடாது. புடவைக் கொசுவத்தையோ நைட்டியையோ பிடித்துத் தாங்க முயலாதீர்கள். துணி கையோடு வந்துவிடும்.

இரண்டாவது, வாக்கர். அம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் அதன் பிடி இருக்க வேண்டும். அதைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, கவிழும். மெத்தையையும் கைப்பிடியையும் ஊன்றி எழுந்து நின்ற பிறகே கைகள் வாக்கருக்குப் போக வேண்டும். கால்களின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து மழமழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். அந்த ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

மூன்றாவதை அம்மா விரும்ப மாட்டார்: கமோட் நாற்காலி. இரவில் மூன்று முறை எழுகிறார் என்றால், அரைத் தூக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில் கழிவறை வரை போய் வருவதுதான் இந்த வீட்டில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து. கட்டிலிலிருந்து எழுந்து, கால் மாற்றி வைத்து, திரும்பி உட்காரும் தொலைவில் நாற்காலி இருந்தால் அந்த ஆபத்தில் பெரும்பங்கு நீங்கிவிடும். சக்கரம் இல்லாத, நான்கு ரப்பர் கால்களும் கைதாங்கியும் உள்ளதாகப் பாருங்கள். உட்காரும் உயரம் கட்டில் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். பின்பக்கம் சுவரில் முட்டியபடி போடுங்கள்.

ஆனால், படுக்கிற அறையில், அதுவும் சுவாமி படம் மாட்டியிருக்கும் அறையில் அதைக் கொண்டுவந்து வைத்தால், வாழ்நாள் முழுதும் ஆசாரமாக வீட்டை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதை நாம் மதிக்க வேண்டும். அவரைக் கேட்காமல் ஒரு நாள் மாலையில் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். இரவு பத்து மணி முதல் விடியும்வரை மட்டும், மூடி போட்டு, ஒரு திரைச்சீலைக்கு மறுபுறம் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். படங்களை வேறு அறைக்கு மாற்றலாமா, அல்லது அவரே கூடத்தில் படுத்துக்கொள்ள விரும்புவாரா என்று கேளுங்கள். காலையில் அவர் எழுவதற்கு முன் நீங்கள் கழுவிக் கவிழ்த்துவிடுவதைப் பார்த்தால் மனம் இளகலாம். பகலில் கழிவறைக்கு நடந்தே போகட்டும். அந்த நடை அவருக்குத் தேவை. அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தொற்றோ சர்க்கரையோ மாலையில் போடும் நீர்மாத்திரையோ காரணமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அதே வருகையில் இன்னொன்றையும் கேளுங்கள். அம்மா ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் போகிறது என்று பொருள். ரத்த அழுத்த மாத்திரை, நீர்மாத்திரை, தூக்க மாத்திரை, சில மனநல மருந்துகள், போதுமான தண்ணீர் குடிக்காதது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றுவார். எந்தக் கைப்பிடியாலும் சரிசெய்ய முடியாத சரிவு இது என்பதால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பழைய வீடு என்பதால் சிவப்புச் சிமெண்ட் தரையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மழமழவென்று தேய்ந்த அந்தத் தரையில் தைலம் தடவிய பாதத்தோடு நிற்பது மிக ஆபத்து. மூட்டுவலிக்கு எண்ணெய் தடவினால் பாதத்தைத் துடைத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கட்டிலருகே கால்மிதி, பாய், மடித்த சாக்கு எதுவும் கிடக்கக் கூடாது. ரப்பர் செருப்பு வேண்டாம்; குதிகாலில் வார் உள்ள செருப்பு, அல்லது சுத்தமான வெறுங்கால். கொசுவலை கட்டுகிறீர்கள் என்றால் எழும் பக்கத்தில் அதைச் செருகாதீர்கள்; இரவில் காலில் சுற்றுவது பெரும்பாலும் அதுதான். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். கட்டிலின் எழும் பக்கத்தில் மூன்றடி இடமாவது விட்டால்தான் வாக்கரோடு நீங்களும் நிற்க முடியும்.

மீண்டும் சரிந்தால் இழுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பட்டையைப் பிடித்தபடி, உங்கள் தொடையோடு சாய்த்து, மெதுவாகத் தரையில் இறக்கிவிடுங்கள். தரையில் உட்கார்ந்த பிறகு அவசரம் எதுவும் இல்லை. வலி இருக்கிறதா, இரு கால்களையும் அசைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு உறுதியான நாற்காலியை அருகில் போட்டு, மண்டியிட்டு அதில் கை ஊன்றி எழ உதவுங்கள். தொடை இடுக்கில் வலியோ ஒரு கால் குட்டையாகத் தெரிவதோ இருந்தால் எழுப்பவே வேண்டாம், 108ஐ அழையுங்கள். திடீரென்று பேச்சு குழறினாலும், ஒரு பக்கம் பலம் குறைந்தாலும், மூச்சுத் திணறல் திரும்பி வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் அம்மாவைப் போன்ற நிலையில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: பக்கவாதம் வந்தவரைச் செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில் போட வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் எவ்வளவு குனியலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன முன்குனிதல் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பார்க்கின்சன் நோயுள்ளவர்களுக்குப் படுக்கையில் புரள்வதே பெரும்பாடு. இடுப்பு படும் இடத்தில் வழுவழுப்பான சாட்டின் துணி விரித்தால் திரும்புவது எளிதாகும். கால்கள் எடையையே தாங்காதவரை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. அவர்களுக்கு ஹைட்ராலிக் தூக்குக் கருவி உண்டு. அதை இயக்கவும் பழகிய கை வேண்டும்.

உங்கள் இடுப்பு வலியை ஒரே வரியில் எழுதியிருந்தாலும் நான் அதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகளைத் தூக்குவது போன்ற ஆபத்தான சுமை வேலையைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டனில் 1992ஆம் ஆண்டே விதிமுறை வந்துவிட்டது. அங்கே செவிலியருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, நம் வீடுகளில் மகளுக்கும் மருமகளுக்கும் இல்லை. அண்ணன் அனுப்பும் பணம் முதலில் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து: வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், இரவு நேரத்துக்கு மட்டுமாவது உதவிக்கு ஒரு பெண். ஒரு மாதம் அப்படிச் செய்து பார்த்த பிறகும் அம்மாவால் எழ முடியவில்லை என்றால், உயரம் மாறும் கட்டிலைப் பற்றி அப்போது பேசலாம். செலவு கட்டுப்படியாகாத வாசகர்கள் 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்களா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமும் 2017 முதல் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567இல் விவரம் கேட்கலாம்.

அம்மாவுக்கு ஒரு பயிற்சி மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். கட்டில் உயரம் சரியானதும், பகலில் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன், கட்டிலோரத்திலிருந்து எழுந்து நின்று மெதுவாக உட்காரட்டும். முதலில் ஒரு வேளைக்கு மூன்று முறை, பிறகு ஐந்து. உட்காரும்போது பொத்தென்று விழாமல், கைகளைப் பின்னால் ஊன்றி இறங்குவதில்தான் தொடைக்குப் பலம் ஏறுகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்னால் முட்டை, பருப்பு, பால், சுண்டல் தினமும் சாப்பாட்டில் சேரட்டும். கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் தசை வளராது.

மூன்று வாரம் கழித்து எனக்கு மீண்டும் எழுதுங்கள். முழங்கால் மடிப்பின் உயரம், புதிய கட்டிலின் உயரம், நின்று பார்த்த ரத்த அழுத்தம், கையை ஊன்றி அம்மா ஒரே மூச்சில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்ற எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.